பழைய ஜீப் ஹெட்லைட் வயரிங்: மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விடிவதற்கு முன்னால் போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்களைப் பார்த்தால் தெரியும், முன்னால் இரண்டு மஞ்சள் பொட்டு இருக்கும், ரோடு தெரியாது. டிரைவரிடம் கேட்டால் "போன வாரம்தான் புது பல்பு போட்டேன்" என்பார். கோளாறு பெரும்பாலும் பல்பில் இல்லை. பேட்டரியிலிருந்து கிளம்பும் வோல்ட்டேஜ் பல்புக்குப் போய்ச்சேர்வதற்குள் எங்கேயோ தொலைகிறது, அந்த இடத்தைத் தேடிப்பிடிப்பதுதான் வேலை. இங்கே உள்ள பதில்கள் எல்லாம் அந்த ஒன்றைப் பற்றித்தான்.

எந்தெந்த வண்டிக்கு இது பொருந்தும்?

மகிந்திரா மேஜர், கமாண்டர், சிஜே 500, எம்எம் 540, 550 மாதிரி 7 அங்குல வட்ட ஹெட்லைட் உள்ள பழைய ஜீப்கள். 12 வோல்ட் பேட்டரி, நெகட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் வண்டியின் இரும்போடு சேர்ந்திருக்கும், கரண்ட் திரும்புவது அந்த வழியில்தான். வேறு வண்டியாக இருந்தாலும் முறை ஒன்றுதான், வயர் நிறம் மட்டும் மாறும். நிறத்தை நம்பி வேலை செய்யாதீர்கள். இருபது முப்பது வருடம் ஓடிய வண்டியில் யார் யாரோ கைவைத்திருப்பார்கள், பச்சை வயர் பாதி வழியில் சிவப்பாகியிருக்கும்.

உங்களிடம் இருப்பது நிஜமாகவே உலகப்போர்க் காலத்து வில்லிஸ் என்றால் அது 6 வோல்ட்டில் பிறந்த வண்டி. ராணுவ ஏலத்தில் எடுத்தது என்றால் 24 வோல்ட்டாக இருக்கலாம். முதலில் பேட்டரியைப் பாருங்கள், அப்புறம் பல்பு வாங்குங்கள்.

என்னென்ன சாமான் வேண்டும்?

ஒரு மல்டிமீட்டர், சாதாரண விலையில் கிடைப்பதே போதும். ஒரு டெஸ்ட் லேம்ப், அதாவது 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் கட்டி, ஒரு முனையில் முதலைக் கிளிப்பும் இன்னொரு முனையில் ஊசியும் வைத்தது. நல்ல வயர் மூன்று மீட்டர், உப்புத்தாள், ஸ்பேனர், வாசலின். கழற்றி மாட்டும் வேலை என்றால் பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றிவிடுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள்.

புது பல்பு போட்டும் இரண்டு லைட்டும் மங்கலாகவே எரிகிறது. ஏன்?

இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

60/55 வாட் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) எச்4 ஹாலஜன் பல்பு இரண்டும் பிரைட்டில் எரியும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். பழைய ஜீப்பில் இந்த 10 ஆம்பியர் முழுக்க எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். பேட்டரியில் கிளம்பி, ஸ்டார்ட்டர் பக்கத்து போல்ட்டுக்கு வந்து, எஞ்சினுக்கும் டிரைவருக்கும் நடுவில் உள்ள தகரச் சுவரான ஃபயர்வாலைத் தாண்டி டாஷ்போர்டு ஆம்பியர் மீட்டருக்குப் போய், அங்கிருந்து லைட் சுவிட்ச், அதிலிருந்து டிம், பிரைட் மாற்றும் டிம்மர் சுவிட்ச், திரும்ப ஃபயர்வாலைத் தாண்டி முன்னால் வந்து, மட்கார்டு ஓரத்துக் கனெக்டர், அதன்பிறகு ஹோல்டர், கடைசியில் பல்பு. வழியில் உள்ள ஒவ்வொரு ஜாயிண்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. வயரும் தின்னும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஐந்து மீட்டர் ஓடினால் 10 ஆம்பியரில் ஏறத்தாழ 0.85 வோல்ட் அதிலேயே போய்விடும். அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் 0.35 வோல்ட்டுக்குள் நின்றுவிடும்.

ஒரு வோல்ட்தானே என்று விடக்கூடாது. பல்பில் வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 10 சதவீதம் குறையாது, ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். பேட்டரியில் 13.5 இருந்து பல்பில் 11.5 வந்தால் கிட்டத்தட்ட பாதி வெளிச்சம் போய்விட்டது என்று அர்த்தம். நீங்கள் கடையில் பல்பு பிராண்டு மாற்றிக்கொண்டே இருப்பீர்கள், அது மங்கலாகவே இருக்கும்.

அளப்பது இப்படி. எஞ்சினை ஓடவிட்டு லைட்டைப் போடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் கறுப்பு முனையை பல்பு ஹோல்டரில் எரிந்துகொண்டிருக்கும் டிம் அல்லது பிரைட் பின்னிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவதுதான் வழியில் தொலைந்த வோல்ட். 0.5க்குள் இருந்தால் பரவாயில்லை. 1, 1.5, 2 என்று காட்டினால் கறுப்பு முனையை ஒவ்வொரு ஜாயிண்டாகப் பின்னால் நகர்த்துங்கள்: கனெக்டர், டிம்மர் சுவிட்ச், லைட் சுவிட்ச், ஆம்பியர் மீட்டர். எந்த இடத்தைத் தாண்டும்போது எண் சட்டென்று குறைகிறதோ அங்கேதான் கோளாறு.

ஒரு விஷயம், இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பல்பைக் கழற்றிவிட்டு வெறும் ஹோல்டரில் அளக்காதீர்கள். ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயரும் கரண்ட் ஓடாதபோது முழு 12 வோல்ட் காட்டும். பல்பு மாட்டி, எரியும்போது அளந்தால்தான் உண்மை தெரியும்.

ஒரு பக்கம் மட்டும் மங்கல். டிம் போட்டால் டாஷ்போர்டில் நீல லைட்டும் லேசாக எரிகிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறதே?

எர்த் போயிருக்கிறது. மங்கலாக எரியும் பக்கத்து எர்த்.

எச்4 பல்புக்குள் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ஃபிலமெண்ட் உண்டு, இரண்டுக்கும் எர்த் பின் ஒன்றுதான். இடதுபக்க எர்த் விட்டுப்போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிம் ஃபிலமெண்டுக்குள் வந்த கரண்டுக்கு வெளியே போக வழியில்லை. அது அதே பல்பின் பிரைட் ஃபிலமெண்டுக்குள் தலைகீழாகப் புகுந்து, பிரைட் வயரைப் பிடித்து வலதுபக்க பல்புக்குப் போய், அங்கே இருக்கும் நல்ல எர்த்தில் இறங்கும். அந்தப் பிரைட் வயரில்தான் டாஷ்போர்டின் நீலப் பல்பும் தொங்குகிறது, அதுவும் லேசாக எரியும். அதனால் இடதுபக்கம் இரண்டு ஃபிலமெண்டும் சிவப்பாக முனகும், வலதுபக்கம் சரியாக எரியும்.

உறுதி செய்ய ஒரு நிமிடம் போதும். பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு வயரை நேராகக் கொண்டுவந்து மங்கலான பக்கத்து ஹோல்டரின் எர்த் பின்னில் தொடுங்கள். பளிச்சென்று எரிந்தால் வேறு எதையும் கழற்ற வேண்டாம்.

மீட்டரில் பார்க்க வேண்டுமானால் லைட் எரியும்போது ஹோல்டர் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் வேலை இருக்கிறது.

எர்த்தை எப்படிச் சரி செய்வது? எர்த் போல்ட்டை முறுக்கிப் பார்த்தேன், இரண்டு நாளில் திரும்பவும் அதே கதை.

முறுக்கினால் துரு கொஞ்சம் நசுங்கும், ஒரு மழைக்கு மறுபடி போகும். ஹெட்லைட்டின் கறுப்பு வயர் பொதுவாக பக்கத்து மட்கார்டிலோ கிரில்லிலோ ஒரு சின்ன ஸ்க்ரூவில் பிடித்திருக்கும். அந்த மட்கார்டு எதில் பிடித்திருக்கிறது? பெயிண்ட் அடித்த போல்ட்டில், நடுவில் ரப்பர் பேக்கிங் வைத்து. டிங்கரிங் பெயிண்டிங் முடித்து வந்த வண்டியில் ஹெட்லைட் மங்குவது இதனால்தான். பெயிண்டர் எல்லா இடத்திலும் அழகாக அடித்திருப்பார், எர்த் உட்காரும் இடத்திலும் சேர்த்து.

பிடிக்கும் இடத்தை வெள்ளை இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். வயர் முனையில் புது ரிங் லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) போட்டு, பல்வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். எனக்குப் பிடித்த வழி வேறு: இரண்டு ஹெட்லைட் எர்த்தையும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் சேர்த்து நேராக பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோய்விடுவது. பாடி துருப்பிடித்தால் என்ன, பெயிண்ட் அடித்தால் என்ன, அது பாட்டுக்கு எரியும். அதோடு எஞ்சினிலிருந்து சேஸிஸுக்கும் சேஸிஸிலிருந்து பாடிக்கும் போகும் பின்னல் பட்டையையும் ஒரு தடவை பாருங்கள். அது அறுந்திருந்தால் செல்ஃபும் சோம்பலாகச் சுற்றும்.

தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்து வண்டிக்கு எர்த் கோளாறு சீக்கிரம் வருவதற்குக் காரணமும் இருக்கிறது. ஜூனில் பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் தென்மேற்கு மழை, ஐப்பசியில் கீழே இறங்கினால் போடிப் பக்கம் வடகிழக்கு மழை. ஒரே வண்டி இரண்டிலும் நனைகிறது.

டிம் எரிகிறது, பிரைட் எரியவில்லை. அல்லது பிரைட் மட்டும் எரிகிறது.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போயிருந்தால் பல்பைச் சந்தேகப்படுவதற்கு முன் டிம்மர் சுவிட்சைப் பாருங்கள். காலால் மிதிக்கும் டிம்மர் உள்ள வண்டியில் அது கிளட்ச் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும், செருப்பில் வரும் சேறு, தண்ணீர், ஏலத்தோட்டத்து மண் எல்லாம் அதன் தலையில்தான். மூன்று முனை இருக்கும், ஒன்றில் கரண்ட் உள்ளே வரும், மற்ற இரண்டில் மாறி மாறி வெளியே போகும். லைட்டைப் போட்டு டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பை எர்த்தில் மாட்டி ஒவ்வொரு முனையாகத் தொடுங்கள். உள்ளே வருகிறது, மிதித்தாலும் ஒரு பக்கம் வெளியே போகவில்லை என்றால் சுவிட்ச் முடிந்தது. அதைப் பிரித்துச் சுத்தம் பண்ணி மாட்டுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. புதிது போடுங்கள்.

ஸ்டியரிங்கில் காம்பினேஷன் சுவிட்ச் இருந்தால் இன்னொரு சோதனை உண்டு. பாஸ் லைட் அடித்தால் எரிகிறது, ஆனால் லைட்டை ஆன் செய்தால் எரியவில்லை என்றால் பல்பும் எர்த்தும் நன்றாக இருக்கிறது, கோளாறு லைட் சுவிட்சுக்கோ அதற்கு வரும் வயருக்கோ உள்ளே. பாதி வேலை மிச்சம்.

ஒரு பக்கம் மட்டும் என்றால் பல்பு. கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே ஃபிலமெண்ட் அறுந்திருப்பது தெரியும்.

அண்ணே, இரண்டு லைட்டும் திடீரென்று அணைகிறது, கொஞ்ச நேரத்தில் தானாகவே வருகிறது. பியூஸ் போகவில்லை.

சூடு. சில பழைய இழுவை சுவிட்சுகளுக்குள் பியூஸுக்குப் பதிலாக ஒரு இரட்டை உலோகப் பட்டை இருக்கும், கரண்ட் அதிகமானால் சூடேறி வளைந்து தொடர்பைத் துண்டிக்கும், ஆறியதும் திரும்ப ஒட்டும். அது அடிக்கடி துண்டிக்கிறது என்றால் ஒன்று யாரோ 100 வாட் பல்பு போட்டிருக்கிறார்கள், அல்லது எங்கோ வயர் உரசி அரைகுறை ஷார்ட் ஆகிறது, அல்லது சுவிட்ச் முனைகளே லூசாகிச் சூடேறுகிறது. லைட்டைப் போட்டு பத்து நிமிடம் கழித்து சுவிட்சின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத அளவு சுட்டால் பதில் அங்கேயே இருக்கிறது.

லைட்டோடு சேர்ந்து ஹாரன், வைப்பர் எல்லாமே போய் வருகிறது என்றால் அது சுவிட்ச் இல்லை. டாஷ்போர்டு ஆம்பியர் மீட்டர் பின்னால் உள்ள நட்டையும் பேட்டரி டெர்மினலையும் பாருங்கள். செல்ஃப் இழுப்பதைத் தவிர வண்டியின் கரண்ட் கிட்டத்தட்ட எல்லாமே அந்த ஆம்பியர் மீட்டர் நட்டு வழியாகத்தான் போகிறது. குலுங்கிக் குலுங்கி அது லூசாகும், பிளாஸ்டிக் உருகும். தீப்பிடிக்கக்கூடிய இடம் அது, தள்ளிப்போடாதீர்கள்.

குழியில் இறங்கினால் அணைகிறது, ஏறினால் எரிகிறது.

வண்டியை நிறுத்தி, லைட்டைப் போட்டு, ஒருவர் முன்னால் நின்று பார்க்க இன்னொருவர் வயரிங்கைத் துண்டு துண்டாகக் கையால் ஆட்டுங்கள். ஹோல்டர், ஹெட்லைட் பின்பக்க ஓட்டை, மட்கார்டு விளிம்பு, ஃபயர்வால் ஓட்டை, டாஷ்போர்டு அடி. கண் சிமிட்டும் இடத்தில் நின்றுகொள்ளுங்கள். பெரும்பாலும் தகரத்தில் வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் கிரோமெட் விழுந்துபோய் தகரம் வயரை அறுத்திருக்கும், இல்லாவிட்டால் ஹோல்டருக்குள் பித்தளைப் பல் தளர்ந்திருக்கும். ஹோல்டர் கருகி, பிளாஸ்டிக் உருகி இருந்தால் பல்லை நெரித்து ஒப்பேற்ற வேண்டாம், செராமிக் ஹோல்டர் வயரோடு கிடைக்கிறது, அதைப் போடுங்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதையை ரோடு என்று சொன்னால் ரோட்டுக்கே கோபம் வரும், அங்கே தினமும் விடியற்காலையில் ஓடும் ஜீப்புக்கு ஜாயிண்டில் வெறும் முறுக்கும் டேப்பும் எத்தனை நாள் தாங்கும்? லக் போட்டு கிரிம்ப் செய்து, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள்.

பியூஸ் போட்டுப் போட்டு மாளவில்லை. கம்பியைச் சுற்றி ஓட்டலாமா?

கூடாது. கம்பி சுற்றினால் அடுத்து எரிவது வயரிங். டீசல் கசியும் எஞ்சினுக்குப் பக்கத்தில் அது எரியும்.

ஷார்ட்டைக் கண்டுபிடிக்க பியூஸை வீணாக்கவும் வேண்டாம். பியூஸைக் கழற்றி அந்த இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு 21 வாட் பிரேக் லைட் பல்பை வயர் கட்டி மாட்டுங்கள். ஹெட்லைட் பல்பு இரண்டையும் ஹோல்டரிலிருந்து கழற்றிவிடுங்கள், அந்த சர்க்யூட்டில் பார்க் லைட் இருந்தால் அதையும். இப்போது லைட் சுவிட்சைப் போட்டால் எதுவும் எரியக்கூடாது. நீங்கள் மாட்டிய பல்பு முழுசாக எரிந்தால் எங்கோ வயர் தகரத்தைத் தொடுகிறது. இனி அவசரமில்லை, பல்பு எரிந்துகொண்டே இருக்கட்டும், வயரை அங்கங்கே அசைத்து, கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைத் தொட்டதும் பல்பு அணைகிறதோ அந்தப் பக்கம் பிடியுங்கள்.

டிம்மில் மட்டும் போகிறது, பிரைட்டில் போகவில்லை என்றால் டிம்மருக்கு முன்னால் தேடவே வேண்டாம், டிம் வயரை மட்டும் பாருங்கள்.

ஏலக்காய் ஸ்டோர் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்கள் எலியையும் கணக்கில் வையுங்கள். பேட்டரிக்குப் பின்னாலும் ஹீட்டர் ஓட்டையிலும் கூடு இருக்கும். அது கடித்த இடத்தில் செம்பு பளபளவென்று தெரியும், பழைய உரசல் என்றால் கறுத்திருக்கும்.

ரிலே போட்டால் வெளிச்சம் கூடும் என்கிறார்கள். உண்மையா?

உண்மை. பழைய ஜீப்புக்குச் செய்யக்கூடிய ஒரே ஒரு வேலை என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். எக்ஸ்ட்ரா லைட் வாங்கும் காசில் பாதிகூட ஆகாது.

ரிலே என்பது சின்னக் கரண்டால் பெரிய கரண்டை ஆன், ஆஃப் செய்யும் ஒரு சுவிட்ச், அது புதிதாக வெளிச்சம் எதையும் உண்டாக்குவதில்லை. மேலே சொன்ன நீண்ட சுற்றுவழி இருக்கிறதே, அதில் இனி 10 ஆம்பியர் போகாது, ரிலேயின் காயிலை இழுக்க 0.2 ஆம்பியர் அளவுதான் போகும். பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து ஒன்றரை மீட்டரில் நேராகப் போய்விடும். சுவிட்சுக்கும் ஆயுள் கூடும்.

டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு நான்கு-பின் ரிலே வாங்குங்கள். பின்னில் எண் அச்சிட்டிருக்கும். 30-க்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் பியூஸ் வைத்து. 87-இலிருந்து அதே கனத்து வயர் இரண்டு பல்பின் டிம் பின்னுக்கும். 85 எர்த்துக்கு. 86-க்கு பழைய டிம் வயர், அதாவது இதுவரை பல்புக்கு வந்துகொண்டிருந்த வயர், ஒரு பக்கத்தது போதும், மறுபக்கத்ததை முனை மூடி டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள். பிரைட்டுக்கும் இதே மாதிரி. ஹோல்டரில் எது டிம் என்று சந்தேகம் வந்தால், எச்4 பல்பின் மூன்று பல்லில் மேலே படுத்த மாதிரி இருப்பது டிம், நின்றபடி இருக்கும் இரண்டில் ஒன்று பிரைட், ஒன்று எர்த்.

இரண்டுக்கும் தனித்தனி பியூஸ் கட்டாயம் வேண்டும். ஒரே பியூஸில் எல்லாவற்றையும் தொங்கவிட்டால், அது போகும் நேரத்தில் கொண்டை ஊசி வளைவில் இரண்டும் சேர்ந்து இருட்டாகும். தனித்தனியாக இருந்தால் டிம் போனாலும் பிரைட் போட்டு வீடு வந்துசேரலாம். ரிலேயை மாட்டும்போது பின்கள் கீழே பார்த்தபடி மாட்டுங்கள், மேலே பார்த்தால் தண்ணீர் உள்ளே இறங்கும்.

பல்பு அடிக்கடி பியூஸ் போகிறது.

எஞ்சினைக் கொஞ்சம் ரேஸில் வைத்து பேட்டரி மேல் அளந்து பாருங்கள். 13.8-இலிருந்து 14.4 வரை சரி. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர், நம் ஊர்ப் பேச்சில் கட்டவுட், வேலை செய்யவில்லை. வோல்ட்டேஜ் 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். புது கட்டவுட் வாங்குவதற்கு முன் அதன் பாடி எர்த்தைச் சுத்தம் செய்து பாருங்கள், தனியாக மாட்டியிருக்கும் கட்டவுட்டுக்கு எர்த் சரியில்லை என்றால் அதற்கு வோல்ட் குறைவாகத் தெரியும், அது பாட்டுக்குச் சார்ஜை ஏற்றிக்கொண்டே போகும். பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறதா என்றும் பாருங்கள், இரண்டும் சேர்ந்தே வரும்.

சார்ஜ் சரியாக இருந்தால், பல்பு மாட்டும்போது கண்ணாடியில் விரல் பட்டதா? ஹாலஜன் பல்பில் விரல் எண்ணெய் பட்டால் அந்த இடம் மட்டும் அதிகம் சூடேறி வெடிக்கும். துணியால் பிடியுங்கள்.

ஸ்லோவில் மங்கல், ரேஸ் கொடுத்தால் பிரகாசம்.

கொஞ்சம் வித்தியாசம் இயல்புதான். ரொம்ப அதிகம் என்றால் டைனமோ பெல்ட் தொய்வு, அல்லது பேட்டரி முடிந்துவிட்டது. எஞ்சினை நிறுத்தி சில மணி நேரம் கழித்து அளந்தால் நல்ல பேட்டரி 12.6 காட்டும், 12.2-க்குக் கீழே என்றால் பாதிகூட சார்ஜ் இல்லை. இதற்கு ஹெட்லைட் வயரிங்கை நோண்டிப் பிரயோஜனம் இல்லை.

100/90 பல்பு, எல்இடி போடலாமா?

100 வாட் ஒன்றுக்கு 8 ஆம்பியருக்கு மேல் வேண்டும், இரண்டுக்குப் பதினாறு பதினேழு. பழைய வயரில் அதைப் போட்டால் வயர் சூடாகும், ஹோல்டர் உருகும், வோல்ட்டேஜ் இன்னும் விழும், கடைசியில் 60 வாட் கொடுத்த வெளிச்சத்தைவிடப் பெரிதாக ஒன்றும் வராது. எல்இடி கரண்ட் குறைவாக எடுக்கும், அது நிஜம். ஆனால் ஹாலஜனுக்காகச் செய்த டூமில் (ரிஃப்ளெக்டரும் முன் கண்ணாடியும் சேர்ந்த ஹெட்லைட் கிண்ணம்) எல்இடி பல்பைச் சொருகினால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், மூடுபனியில் உங்களுக்கே திருப்பி அடிக்கும். போடிமெட்டில் பனி இறங்கும்போது வெள்ளைச் சுவர் மாதிரி நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே பிரைட்டே போடக்கூடாது, டிம்மில்தான் போக வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. செக்போஸ்ட் தாண்டி மேலே போனால் கேரள மோட்டார் வாகனத் துறைக்காரர்கள் கண்ணைக் கூசும் லைட்டை விடமாட்டார்கள்.

ரிஃப்ளெக்டரின் வெள்ளி உரிந்து போயிருந்தால் எந்த பல்பும் உதவாது, டூமை மாற்றுங்கள். வாங்கும்போது இடதுபக்கம் ஓட்டும் நாட்டுக்கான கண்ணாடியா என்று பாருங்கள். டிம்மில் வெளிச்சம் இடது ஓரத்தில்தான் கொஞ்சம் மேலே ஏற வேண்டும். வெளிநாட்டு டூம் சிலது வலதுபக்கம் ஏற்றி எதிர் வண்டியின் கண்ணில் அடிக்கும்.

ராத்திரி நடுவழியில் இரண்டும் போய்விட்டது. இப்போது என்ன செய்வது?

வண்டியை வளைவில் நிறுத்தாதீர்கள், நேரான இடத்தில் ஓரம் கட்டி, டயருக்குக் கல் வைத்து, இண்டிகேட்டரைப் போட்டுவிடுங்கள். போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவு, கீழே வரும் லாரிக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

முதலில் பியூஸ், அடுத்து பேட்டரி டெர்மினல், அடுத்து பாஸ் லைட். ஒன்றும் நடக்கவில்லை என்றால் சுவிட்சை மறந்துவிடுங்கள். லைட் சுவிட்சை ஆஃப் செய்து, ஒரு பக்கத்து ஹோல்டரைக் கழற்றி, பல்பின் டிம் பின்னுக்கு பேட்டரி பாசிட்டிவிலிருந்து பியூஸ் வைத்த வயரை நேராகக் கொண்டுவாருங்கள், எர்த் பின்னுக்கு நெகட்டிவிலிருந்து இன்னொரு வயர். வயர் ஃபேன் பக்கம் போகாமல் கட்டுங்கள். ஒரு லைட் போதும், மெதுவாக வந்துசேரலாம். அதற்காகத்தான் மூன்று மீட்டர் வயரும் பியூஸும் ஒரு பல்பும் டேப்பும் எப்போதும் சீட்டுக்கு அடியில் இருக்க வேண்டும் என்பது.

பூப்பாறை, சின்னக்கானல் பக்கம் என்றால் இறங்குவதற்கு முன் டார்ச் அடித்துச் சுற்றிலும் பாருங்கள். 2023-இல் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், மற்ற யானைகள் அங்கேதான் இருக்கின்றன. சந்தேகமாக இருந்தால் வண்டிக்குள்ளேயே இருந்து பின்னால் வருகிற வண்டிக்காகக் காத்திருங்கள், வயரிங் காலையிலும் பார்க்கலாம்.

மொத்த வயரிங்கையும் மாற்றச் சொல்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா?

முன்பக்க வயரை ஓர் இடத்தில் அரை அங்குலம் உரித்துப் பாருங்கள். செம்பு சிவப்பாக இருந்தால் வேண்டாம். கறுத்து, பச்சைப்பொடி பூத்து, மடக்கினால் ஒடிகிறது என்றால் அந்தத் துண்டை மட்டும் மாற்றிப் பயனில்லை, அவர் சொல்வது சரி. பெரும்பாலான வண்டிக்கு முன்பக்க ஹெட்லைட் செட்டும் ரிலேயும் புது எர்த்தும் போட்டாலே போதும். நெடுங்கண்டமோ, கட்டப்பனையோ, போடியோ, எங்கே கொடுத்தாலும் "லைட் மங்கல்" என்று மட்டும் சொல்லாதீர்கள், "பேட்டரியில் இவ்வளவு, பல்பில் இவ்வளவு" என்று இரண்டு எண்ணைச் சொல்லுங்கள். வேலையின் தரமே மாறும், பில்லும் மாறும்.

எல்லாம் சரி செய்தாச்சு, ஆனால் வெளிச்சம் மரத்தின் உச்சியில் அடிக்கிறது.

லெவல் பார்க்க வேண்டும். சமதளத்தில் சுவருக்கு 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி டிம்மைப் போடுங்கள். ஹெட்லைட் நடுவின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டால், வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். ரிங்கைக் கழற்றினால் திருகுகிற ஸ்க்ரூ தெரியும், மேலே உள்ளது ஏற்ற இறக்கத்துக்கு, பக்கத்தில் உள்ளது இடவலத்துக்கு. வெறும் வண்டியில் பார்க்காதீர்கள். பின் சீட்டில் ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும், அதனால் தினமும் எத்தனை பேரை ஏற்றுகிறீர்களோ அந்த அளவுக்குப் பின்னால் மூட்டை வைத்துக்கொண்டு செட் பண்ணுங்கள்.